சின்ன வயசு பயம் இன்னும் உடம்புல உக்காந்திருக்கா? காம்ப்ளெக்ஸ் ட்ராமாவுக்கு உதவி தேட ஆரம்பிக்கிறவங்களுக்கு

எங்க வீட்டுல சாயங்காலம் ஏழு மணியானா டிவி சத்தத்த கம்மி பண்ணிடுவோம். தெருமுனையில அப்பாவோட டிவிஎஸ் ஃபிஃப்டி வர்றது கேக்கணும்ல, அதுக்கு. வண்டிக்கு ஸ்டாண்ட் போடுற சத்தத்துலயே அம்மாவுக்கும் எனக்கும் தெரிஞ்சிடும், ஒரே மிதியில ஸ்டாண்ட் விழுந்துச்சுன்னா இன்னிக்கு பொழச்சோம், ரெண்டு மூணு தடவை கால் வழுக்கி வண்டி ஆடுச்சுன்னா குடிச்சிருக்காரு, தம்பிய தூக்கிட்டு பின்கட்டுக்கு ஓடிடணும். இப்ப எனக்கு 37 வயசு, கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், அப்பா தவறி ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னும் ஆபீஸ் பார்க்கிங்ல யாராவது ஸ்டாண்ட் போடுறப்ப கால் சறுக்குனா எனக்கு கை சில்லுனு ஆயிடும், வயிறு கலங்கும், அன்னிக்கு பூரா யார்கிட்டயும் நிமிர்ந்து பேச வராது.

இதுக்கு ஒரு பேர் இருக்கு, வைத்தியம் இருக்குன்னு எனக்கு தெரியவே 31 வயசு ஆயிடுச்சு. தெரிஞ்சதுக்கு அப்புறமும் எங்க போறது, யார பாக்குறது, எத முதல்ல செய்றதுன்னு சொல்ல ஆள் இல்லாம மூணு வருஷம் அலைஞ்சேன். அந்த மூணு வருஷம் உங்களுக்கு மிச்சமாகணும்னு தான் இத எழுதுறேன். நான் டாக்டர் கிடையாது, இந்த வழியில கொஞ்சம் முன்னாடி நடந்த ஆள், அவ்வளவுதான்.

முதல்ல இது என்னன்னு பாத்துடுவோம்

ஒரு பஸ் ஆக்சிடெண்ட்ல மாட்டி பொழச்சவருக்கு வர்ற பயம் ஒரு வகை. தினம் தினம், வருஷக்கணக்கா, ஓடவும் முடியாம, நம்மள காப்பாத்த வேண்டியவங்களாலேயே அடிபட்டா வர்றது வேற வகை. இந்த வித்தியாசத்த 1992ல ஜூடித் ஹெர்மன்ங்கிற அமெரிக்க மனநல டாக்டர் தெளிவா எடுத்து சொன்னாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஐசிடி-11, அது 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு, அதுலதான் காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டின்னு இதுக்குன்னே தனி இடம் கொடுத்தாங்க. பிடிஎஸ்டின்னா பெரிய அதிர்ச்சிக்கு அப்புறமும் மனசுலயும் உடம்புலயும் தங்கிடுற பாதிப்பு. அதனால "அதெல்லாம் மனப்பிரமை"ன்னு யாராவது சொன்னா நீங்க கூனிக்குறுக வேண்டியதில்ல.

அந்த பட்டியல்ல சொல்றத நம்ம பாஷையில சொன்னா இப்படி. பழசு திரும்ப இப்பவே நடக்குற மாதிரி வரும், கனவுலயோ முழிச்சிருக்கும்போதோ. அத ஞாபகப்படுத்துற இடம், ஆளு, பேச்சு எல்லாத்தையும் தவிர்ப்போம். எப்பவும் ஏதோ நடக்கப்போகுதுன்னு காது விடைச்சுக்கிட்டே இருக்கும். இந்த மூணும் சாதாரண பிடிஎஸ்டியிலயும் உண்டு. காம்ப்ளெக்ஸ் வகையில இன்னும் மூணு சேரும்: கோவமோ அழுகையோ வந்தா அடங்காது, இல்லன்னா ஒண்ணுமே தோணாம மரத்துப்போகும்; "நான் எதுக்கும் லாயக்கில்ல, எல்லாம் என்னால தான்"ங்கிற நெனப்பு கல்லு மாதிரி உள்ள கிடக்கும்; யார்கிட்டயும் நெருங்க முடியாது, நெருங்கினா ஓடத்தோணும்.

நம்ம ஊர்ல இத கவனிக்காம இருந்தாங்கன்னு நான் சொல்லமாட்டேன். "புள்ளைக்கு பயந்த கோளாறு"ன்னு சொல்லி வேப்பிலை அடிச்சு, மந்திரிச்சு, கையில கயிறு கட்டி விட்டாங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொன்னதும் இதைத்தான். யாழ்ப்பாணம் பக்கம் போர்ல அடிபட்ட சனங்க மத்தியில வேலை செஞ்ச டாக்டருங்க "மனவடு"ன்னு ஒரு சொல்ல பயன்படுத்துறாங்க, எனக்கு அது ரொம்ப பிடிச்சது, காயம் ஆறின அப்புறமும் தழும்பு நிக்கும்ல, அதான். எங்க பாட்டி எனக்கு மந்திரிச்சு விட்டப்ப நிஜமாவே ரெண்டு நாள் நல்லா தூங்குனேன், ஒரு பெரிய மனுஷி என்னை மடியில போட்டு முகத்த தடவி விட்டாங்களே, அதுக்கே உடம்பு அடங்குச்சு. மூணாம் நாள் அப்பா திரும்ப குடிச்சிட்டு வந்தாரு, அதுக்கு எந்த கயிறும் இல்ல.

மேல சொன்னத படிச்சிட்டு நீங்களே உங்களுக்கு பேர் வெச்சுக்காதீங்க, தைராய்டு, ரத்த சோகை, பி12 குறைச்சல் இதெல்லாம் கூட படபடப்பு, சோர்வு, தூக்கமின்மை குடுக்கும். ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க.

எதுல ஆரம்பிக்கணும்ங்கிறதுதான் பெரிய விஷயம்

நான் செஞ்ச தப்பு இதுல தான். பேர் தெரிஞ்ச உடனே ஒரு நோட்டு வாங்கி, ஞாபகத்துல இருக்குறத எல்லாம் ஒண்ணு விடாம எழுத உக்காந்துட்டேன். நாலு ராத்திரி எழுதினேன், அஞ்சாவது நாள் ஆபீஸ் போக முடியல, குளிக்க முடியல, பதினோரு நாள் லீவு. சீழ் புடிச்ச புண்ண சுத்தமில்லாத கையால கிழிச்ச மாதிரி ஆயிடுச்சு.

ஹெர்மன் சொன்ன வரிசை மூணு: முதல்ல பாதுகாப்பு, அப்புறம் தான் நடந்தத நினைச்சு அழுது பேசுறது, அதுக்கப்புறம் மனுஷங்களோட திரும்ப கலக்குறது. முன்ன பின்ன போய் வந்துட்டு இருப்போம், அது பரவாயில்ல, ஆனா முதல் படிய தாண்டி குதிக்கக் கூடாது. கதைய தோண்டுறது ரெண்டாவது வேலை. முதல் வேலை, இன்னிக்கு ராத்திரி நீங்க பத்திரமா தூங்குறீங்களாங்கிறது.

அதனால கேக்குறேன், அடி இப்பவும் நடக்குதா? நடக்குதுன்னா கீழ நான் சொல்லப்போற மூச்சுப்பயிற்சி எல்லாம் அப்புறம். பொண்ணுங்களுக்கு 181, புள்ளைங்களுக்கு 1098, உயிருக்கு ஆபத்துன்னா 112. 2005ல வந்த குடும்ப வன்முறை தடுப்புச் சட்டம் புருஷன் அடிச்சா மட்டும்தான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, கூடப்பிறந்தவன், அப்பா, மாமியார் வீடு எல்லாத்துக்கும் எதிரா ஒரு பொண்ணு அதுல போகலாம்.

செத்துடலாம்னு தோணுதா? இந்த நிமிஷமே 14416க்கு போடுங்க, டெலி மானஸ்னு மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். தமிழ்நாட்டுல இத "நட்புடன் உங்களோடு"ன்னு பேர் வெச்சு நடத்துறாங்க. சென்னையில சினேகாங்கிற அமைப்பு 1986லேர்ந்து இந்த வேலைய மட்டுமே செய்யுது, 044-24640050. பேசத் தெரியலன்னா "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல"ன்னே ஆரம்பிங்க, நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், எதிர்ல இருந்தவங்க "சரிம்மா, மெதுவா, நான் லைன்லயே இருக்கேன்"னாங்க.

உடம்ப கீழ இறக்குறது

ட்ரிக்கர் ஆனா, அதாவது பழச கிளறுற சத்தமோ வாசனையோ வந்து உடம்பு பதறிடுச்சுன்னா, மூளை சொல்றத உடம்பு கேக்காது. "அப்பா செத்துட்டாரு, இது ஆபீஸ்"னு எனக்கு நல்லா தெரியும், கை நடுங்கிட்டு தான் இருக்கும். அதனால உடம்பு வழியா தான் உடம்புக்கு சொல்லணும்.

கண்ணுக்கு தெரியிற அஞ்சு பொருள், தொட்டு உணர்ற நாலு, காதுல விழுற மூணு, மூக்குக்கு ரெண்டு, நாக்குக்கு ஒண்ணு, இத வரிசையா சொல்ற பயிற்சி ஒண்ணு இருக்கு. நெட்ல எல்லாம் பொதுவா போட்டிருப்பாங்க, நான் நிஜமா எப்படி பண்றேன்னு சொல்றேன். பார்க்கிங்ல அந்த சத்தம் கேட்டதும் நடக்குறத நிறுத்திடுவேன். வாய்விட்டு முணுமுணுப்பேன்: மஞ்சள் தூண், வேப்பமரம், வாட்ச்மேன் அண்ணனோட நீலச் சட்டை, தண்ணி கேன், என் செருப்பு. அப்புறம் பையில இருக்குற வண்டி சாவிய உள்ளங்கையில அழுத்தி அதோட பல்லு குத்துறத கவனிப்பேன், துப்பட்டா ஓரத்தோட தையல விரலால நெருடுவேன். கால் கட்டைவிரல தரையில ஊன்றுவேன். கடைசியில எப்பவும் தேதி. "இன்னிக்கு செவ்வாக்கிழமை, எனக்கு 37 வயசு, வண்டி என்னோடது, சாவி என் கையில." தேதி சொல்றது தான் எனக்கு ரொம்ப வேலை செய்யுது, ஏன்னா உடம்பு அந்த நேரத்துல 1997லயோ 98லயோ நின்னுட்டு இருக்கு, அத கையப் புடிச்சு இன்னிக்கு தேதிக்கு கூட்டிட்டு வரணும்.

மூச்சு விஷயத்துல ஒண்ணு மட்டும் கவனம். ஆழமா இழுங்க இழுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, எனக்கு இழுக்க இழுக்க மயக்கம் தான் வந்துச்சு. விடுற மூச்ச நீளமா விடுங்க, சூடான டீய ஊதுற மாதிரி, அது போதும். குளிர்ந்த தண்ணிய முகத்துல அடிக்கிறதும் நல்லா கேக்கும்.

கண்ண மூடிட்டு தியானம் பண்றது எல்லாருக்கும் ஒத்துக்காது. கண்ண மூடினா உள்ள ஓடுற படம் பெருசாகிடுதுன்னா கண்ண தொறந்து வெச்சே பண்ணுங்க, இல்லன்னா பாத்திரம் விளக்குங்க, கோலம் போடுங்க, பூ கட்டுங்க, கை வேலை செய்யும்போது மனசு ஒரு இடத்துல நிக்கும். பத்து நாள் பேசாம உக்காந்திருக்குற முகாமுக்கு எல்லாம் ஆரம்பத்துலயே போயிடாதீங்க, கூட விஷயம் தெரிஞ்ச ஆள் இல்லாம அவ்வளவு அமைதி நம்ம மாதிரி ஆளுங்களுக்கு தாங்காது.

இதையெல்லாம் நல்லா இருக்குற நாள்லயே தினம் ரெண்டு தடவை பழகணும். வெள்ளம் வந்தப்புறம் நீச்சல் கத்துக்க முடியாதுல்ல.

தூக்கம், நேரத்துக்கு சாப்பாடு, ராத்திரி காபிய விடுறது, சாயங்காலம் அரை மணி நடை, இத பத்தி நீட்டல, எல்லாருக்கும் தெரிஞ்சது தான். கொஞ்ச நாள் செஞ்சு பாத்தா வித்தியாசம் தெரியும்.

யார்கிட்ட போறது

"கீழ்ப்பாக்கம் கேஸ்"னு நம்ம ஊர்ல கிண்டல் பண்ணி பண்ணியே மனநல டாக்டர்னா ஓடுற மாதிரி ஆக்கி வெச்சிருக்காங்க. அந்த கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி 1794ல ஆரம்பிச்சது, இருநூறு வருஷத்துக்கு மேல எத்தனையோ பேர கைதூக்கி விட்ட இடம். சென்னையில இருக்குறவங்க தாராளமா அங்க ஓபிக்கு போகலாம். மத்த ஊர்க்காரங்களுக்கு, 1997ல திருச்சியில ஆரம்பிச்ச மாவட்ட மனநலத் திட்டம் இப்ப தமிழ்நாடு முழுக்க இருக்கு, பக்கத்துல இருக்குற மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயோ மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியிலயோ மனநலப் பிரிவு எங்கன்னு கேளுங்க.

நான் முதல்ல போனது ஜிஹெச்சுக்கு தான். காலையில ஏழே முக்காலுக்கு ஓபி சீட்டு வாங்கிட்டு நின்னேன். "என்ன பண்ணுது"ன்னு கவுண்ட்டர்ல கேட்டாங்க, பின்னாடி இருபது பேர், வாய்ல இருந்து வார்த்தை வரல, "தூக்கம் வரல"ன்னு மட்டும் சொன்னேன், மனநலப் பிரிவுக்கு சீட்டு போட்டு குடுத்துட்டாங்க. நீங்களும் அப்படியே சொல்லுங்க, வரிசையில நின்னு கதை சொல்ல வேண்டியதில்ல. உள்ள போறப்ப ஒரு பேப்பர்ல அஞ்சு வரி எழுதி எடுத்துட்டு போங்க: என்ன தொந்தரவு, எத்தனை நாளா, என்ன மருந்து சாப்பிடுறீங்க, சின்ன வயசுல வீட்டுல அடி உதை இருந்துச்சுங்கிற ஒரு வரி, சாகணும்னு நினைப்பு வருதா இல்லையா. டாக்டருக்கு ஒரு ஆளுக்கு பத்து நிமிஷம் கிடைச்சா பெருசு, அந்த பேப்பர நீட்டினா போதும். எனக்கு பாத்த டாக்டரம்மா அத படிச்சிட்டு நிமிர்ந்து, "இத்தனை வருஷம் தனியாவா சமாளிச்சீங்க"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு மாத்திரையும் குடுத்தாங்க, அதே பிரிவுல இருந்த சைக்காலஜிஸ்ட்கிட்ட வாரா வாரம் வரச்சொன்னாங்க. செலவு பஸ் காசு மட்டும்தான்.

பிரைவேட்ல போறவங்க ஆள் யாருன்னு பாத்துக்கோங்க. சைக்கியாட்ரிஸ்ட்னா எம்பிபிஎஸ் முடிச்சு மனநல மருத்துவம் படிச்சவங்க, மாத்திரை எழுதலாம். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா மாத்திரை எழுத மாட்டாங்க, பேச்சு வழி சிகிச்சை, ஆர்சிஐங்கிற மத்திய அரசு கவுன்சில்ல பதிவு இருக்கணும், நம்பர் கேக்குறதுல தப்பே இல்ல. கவுன்சலர்ங்கிற பேர்ல நல்லா படிச்ச அருமையான ஆளுங்களும் இருக்காங்க, ஒரு மாச கோர்ஸ் முடிச்சிட்டு போர்டு மாட்டினவங்களும் இருக்காங்க, அதனால என்ன படிச்சீங்க, ட்ராமா கேஸ் பாத்திருக்கீங்களா, எப்படி கொண்டு போவீங்கன்னு முதல் செஷன்லயே கேட்டுடுங்க. நல்ல தெரபிஸ்ட் இதுக்கு கோவப்பட மாட்டாங்க. முதல் நாளே "நடந்தது எல்லாத்தையும் சொல்லுங்க"ன்னு நோண்ட மாட்டாங்க, தூக்கம் எப்படி, கூட யார் இருக்காங்க, படபடப்பு வந்தா என்ன பண்றீங்கன்னு தான் கேப்பாங்க.

எனக்கு பிரைவேட்ல அமைஞ்ச முதல் ஆள் ரெண்டாவது செஷன்லயே "அப்பா தானேம்மா, பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ, மன்னிச்சிடு, எல்லாம் சரியாயிடும்"னாங்க. ஆயிரம் ரூபா குடுத்துட்டு வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல உக்காந்து அழுதேன், தப்பு என்மேல தான் போலன்னு. பாதிக்கப்பட்ட ஆள்கிட்ட மன்னிப்ப ஒரு மாத்திரை மாதிரி எழுதிக்குடுக்குறவங்ககிட்ட திரும்ப போகாதீங்க. மன்னிக்கிறதும் மன்னிக்காததும் உங்க இஷ்டம், குணமாகுறதுக்கு அது கட்டணம் கிடையாது. ஒரு ஆள் சரியில்லன்னா வைத்தியமே சரியில்லன்னு விட்டுடாதீங்க, மூணாவது ஆள்கிட்ட தான் எனக்கு அமைஞ்சுது.

நீங்க சொன்னத டாக்டரோ தெரபிஸ்ட்டோ வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துலயே இருக்கு. உயிருக்கு ஆபத்துங்கிற மாதிரி சில விதிவிலக்கு உண்டு. 18 வயசுக்கு கீழ உள்ள புள்ளைக்கு பாலியல் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா போக்சோ சட்டப்படி அவங்க தகவல் குடுத்தே ஆகணும். இது முன்கூட்டியே தெரிஞ்சிருக்கறது நல்லது.

என்ன வைத்தியம் பண்ணுவாங்க

ட்ராமாவுக்குன்னே அமைச்ச சிபிடி (காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி)ன்னு ஒண்ணு, "எல்லாம் என்னால தான்"ங்கிற மாதிரி நெனப்புகள எடுத்து மேசை மேல வெச்சு பரிசோதிக்கிற முறை. இன்னொண்ணு இஎம்டிஆர், 1987ல ஃபிரான்சின் ஷபீரோங்கிறவங்க கண்டுபுடிச்சது, அந்த ஞாபகத்த மனசுல வெச்சுக்கிட்டே தெரபிஸ்ட்டோட விரல் இடமும் வலமும் போறத கண்ணால தொடரணும். கேக்க விசித்திரமா இருக்கும், ஆனா உலக சுகாதார நிறுவனம் 2013ல பிடிஎஸ்டிக்கு பரிந்துரை பண்ணினதுல இந்த ரெண்டும் உண்டு. எனக்கு இஎம்டிஆர் எட்டு மாசம் தயார்படுத்தினதுக்கு அப்புறம் தான் ஆரம்பிச்சாங்க. பின்கட்டுல தம்பி வாய பொத்திட்டு உக்காந்திருந்த அந்த ராத்திரி இப்பவும் ஞாபகம் இருக்கு, ஆனா பழைய ஃபோட்டோவ பாக்குற மாதிரி தூரத்துல இருக்கு.

மாத்திரைன்னா பயப்படாதீங்க. செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் குடுக்குற மருந்து வேலை செய்ய நாலு வாரம் ஆறு வாரம் கூட ஆகும், முதல் ரெண்டு வாரம் குமட்டல் இருக்கலாம், நல்லாயிடுச்சேன்னு திடீர்னு நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்லி தான் குறைக்கணும். ஆனா மெடிக்கல்ல போய் "தூக்க மாத்திரை குடுங்கண்ணே"ன்னு அல்பிரசோலம் வாங்கி போடுற பழக்கம் மட்டும் வேணவே வேணாம். சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்து அது, சீக்கிரம் அடிமையாக்கிடும். குடியோட கொடுமைய பாத்து வளர்ந்த நாம இன்னொரு வழியில அங்கேயே போய் நிக்கக்கூடாது.

கூட இருக்குற மனுஷங்க

வாரத்துல ஒரு மணி நேரம் தெரபிஸ்ட், மீதி நேரம் யாரு? ஒரே ஒரு ஆள் போதும். எனக்கு அது ஆபீஸ்ல சாந்தமான ஒரு அக்கா. முழுக்கதை அவங்களுக்கு தெரியாது, "எனக்கு சில சத்தம் கேட்டா படபடப்பு வரும், அப்ப கேள்வி கேக்காம பக்கத்துல நில்லுங்க, போதும்"னு மட்டும் சொல்லியிருக்கேன். புருஷன் பொண்டாட்டிகிட்ட சொல்றதும் இப்படியே, முதல்ல கதைய சொல்லாம, உங்களுக்கு என்ன வேணும்ங்கிறத சொல்லுங்க: பின்னாடி இருந்து தொடாதீங்க, கதவ படார்னு சாத்தாதீங்க, கோவம்னா சத்தம் போடாம உக்காந்து பேசுங்க.

குடிகாரர் வீட்டுல வளர்ந்தவங்களுக்கு அல்-அனான் கூட்டங்கள் இருக்கு, ஏஏ கூட்டம் குடிய விட நினைக்கிறவங்களுக்கு, இது குடிக்கிறவங்க குடும்பத்துக்கு. கட்டணம் இல்ல, முழுப்பேர் சொல்ல வேண்டாம், பேசணும்னு கட்டாயமும் இல்ல. நான் முதல் மூணு கூட்டம் வாயே தொறக்கல. நாலாவது கூட்டத்துல ஒரு பெரியவர் தன்னோட அப்பாவோட சைக்கிள் மணி சத்தத்த பத்தி பேசினாரு, 60 வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு. அன்னிக்கு தான் நான் டிவிஎஸ் ஃபிஃப்டிய பத்தி முதல் தடவை நாலு பேர் முன்னாடி சொன்னேன்.

ஆன்லைன் குரூப்புகள்ல ராத்திரி பதினோரு மணிக்கு மேல படிக்காதீங்க. அடுத்தவங்க கதை அத்தனையும் நம்ம உடம்புல ஏறும்.

சொந்த ஊருக்கு போறப்ப

எங்க அம்மா இன்னும் அதே வீட்டுல தான் இருக்காங்க. பண்டிகைக்கு போகாம இருக்க முடியாது, போனா பெரியப்பா "உங்கப்பன மாதிரி ஒரு ஆளு வருமா"ன்னு ஆரம்பிப்பாரு. அங்க சண்டை போட்டு நியாயம் வாங்க நான் இப்ப முயற்சி பண்றதில்ல, எழுந்து மாடிக்கு போயிடுவேன். போறதுக்கு முன்னாடி தெரபிஸ்ட்கிட்ட உக்காந்து திட்டம் போட்டுக்குவேன்: எத்தனை நாள், எந்த ரூம்ல தூங்குறது, தாங்கலன்னா யாருக்கு ஃபோன், வெளிய போக என்ன சாக்கு. ரெண்டு ராத்திரிக்கு மேல தங்குறதில்ல. திரும்பி வந்த மறுநாள் லீவு போட்டு வெச்சுடுவேன், ஏன்னா அங்க நல்லாத்தான் இருப்பேன், வந்தப்புறம் தான் உடம்பு காட்டும், ஒரு நாள் முழுக்க தூங்குவேன், அத பழைய நிலைமைக்கு போயிட்டேன்னு நினைச்சு பயப்பட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. நீங்களும் போறதுன்னா ரிட்டர்ன் டிக்கெட்ட முதல்லயே போட்டுடுங்க, அது கையில இருந்தா அந்த வீட்டு வாசப்படி ஏறுறது கொஞ்சம் சுலபமா இருக்கு.